ஆடிக்காற்றும் சாளை விலையும்

ராஜபாளையத்தில் கடல் இல்லை. ஆனால் இரண்டு கடல்களின் மீன் வருகிறது. கிழக்கே தூத்துக்குடி, மேற்கே மலைக்கு அப்பால் கொல்லம். இரண்டுமே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். சீலாவும் பாறையும் ஊளியும் வந்திருந்தால் கிழக்குச் சரக்கு. சாளையும் அயிலையும் குவிந்து கிடந்தால் அது பெரும்பாலும் மலையிலுள்ள ஆரியங்காவு வழியாக இறங்கியது. என் அப்பா கருவாட்டுக் கடைக்காரர். ஓலைப்பாய் சிப்பத்தை அவிழ்க்காமலே, கட்டின முடிச்சைப் பார்த்து எந்தக் கரைச் சரக்கு என்று சொல்லிவிடுவார். நான் அந்தக் கடையில் வளர்ந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் விலங்கியல் வாத்தியாராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கல்லாப்பெட்டிப் பக்கமும் மைக்ரோஸ்கோப் பக்கமும் உட்கார்ந்தவன் என்ற தைரியத்தில்தான் சாளையின் கதையை எழுத வந்திருக்கிறேன்.

நாங்கள் சாளை என்பதைச் சென்னையிலும் கேரளத்திலும் மத்தி என்பார்கள். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக மில்கள் வந்தன; மூன்று ஷிப்டு ஓடுகிற ஊராயிற்று. ஷிப்டு முடிந்து வருகிறவர்களின் தூக்குச்சட்டிக்கு ஏற்ற மீன் சாளைதான். சீலா கல்யாண வீட்டுக்கு, சாளை எல்லா வீட்டுக்கும். அதன் விலை ஏறினால் ஊரில் பாதி வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு மாறிப்போகும்.

அந்தக் காலத்தில் பச்சை மீன் என்பது எங்கள் கண்மாய் மீன்தான்: கெண்டை, விரால், கெளுத்தி. கடல் மீன் என்றால் கருவாடு. கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு மலையைக் குடைந்து ரயில் வந்தது 1904இல். விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குப் பாதை போட்டது 1927இல். இரண்டும் சேர்ந்தபின் மேற்குக் கடற்கரைச் சிப்பம் எங்கள் ஸ்டேஷனில் இறங்க வழி பிறந்தது. பச்சைச் சாளை மலை ஏறி வர ஐஸும் லாரியும் வரவேண்டியிருந்தது. கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் இந்திய–நார்வே கூட்டுத் திட்டம் தொடங்கியது 1950களின் முற்பகுதியில். எஞ்சின் படகும் ஐஸ் பாக்டரியும் அந்தக் கரைக்கு அப்படித்தான் வந்தன. என் சின்ன வயதில், விடியற்காலை லாரியிலிருந்து இறக்கிய பெட்டிகளிலிருந்து உருகின ஐஸ் தண்ணீர் தெருவில் ஓடும். கருவாட்டுக்கடைக்காரரான அப்பா அதை முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவருடைய போட்டி அதில்தான் வந்து இறங்கியது.

அவர் அடிக்கடி சொல்லும் ஒரு கணக்கு உண்டு. “காத்து நல்லா அடிக்கட்டும்லே, சாளை தன்னால வரும்.”

ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும். குற்றாலத்துக்குச் சாரல். எங்களுக்கு மழையை மலை வாங்கிக்கொண்டு காற்றை மட்டும் அனுப்பும். ஆடியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் ஓடும்போது கண்ணில் விழுகிற மண் அந்தக் காற்றின் மண்தான். கடற்கரைக்காரர்கள் இந்தக் காற்றைக் கச்சான் என்பார்கள். சாளை வியாபாரத்தின் அடுத்த வருஷக் கணக்கு இந்த மாதங்களில்தான் எழுதப்படுகிறது. எழுதப்படும் இடம் மலைக்கு அந்தப் பக்கம்.

அங்கே நடப்பது இதுதான். கன்னியாகுமரியிலிருந்து கொல்லம், ஆலப்புழை என்று வடக்கே போகிற கரையை ஒட்டிப் பருவக்காற்று சாய்ந்து வீசுகிறது. பூமி சுழலுவதால் கடலின் மேல்நீர் காற்று போகும் திசையிலேயே போகாமல் கரையை விட்டு விலகி ஆழ்கடல் பக்கம் நகர்கிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழேயிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. அடியில் மக்கிக் கிடந்த நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எல்லாம் அதோடு வரும். வெளிச்சம் பட்டதும் டயட்டம் என்னும் ஒருசெல் பாசி பெருகும். பாசியைத் தின்ன நுண்ணிய இறால் வகை உயிரினங்கள் பெருகும். ஏறக்குறைய ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, இதே நாட்களில்தான், சாளை கரையோரமாக வந்து முட்டையிடுகிறது. ஒரு தாய்க்குப் பல்லாயிரம் முட்டை. மிதக்கும் முட்டை, ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும்.

பொரிந்து வருவது எப்படி இருக்கும் என்று பரங்கிப்பேட்டையில் படித்த காலத்தில் பார்த்தேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அங்கே வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. மெல்லிய துணிவலையைப் படகின் பின்னால் கட்டி இழுத்து, அதன் நுனிப் புட்டியில் சேர்ந்ததைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, பார்மலின் கண்ணைக் கரிக்கக் கரிக்கப் பிரிப்போம். சாளை இனத்து லார்வாவைக் கண்டுபிடிப்பது எளிது. அரிசிமணியில் பாதி நீளம், நூலைவிட மெல்லிசு, உடம்பு முழுக்கக் கண்ணாடி. தட்டுக்கு அடியில் கறுப்புக் காகிதம் வைத்தால்தான் ஆள் தெரியும். முதலில் தெரிவது இரண்டு கண்கள், இரண்டு கரும்புள்ளிகளாக. பிறகு உடம்பின் அடியில் ஏறக்குறைய வால்வரை நேராக ஓடும் குடல். செதில் கிடையாது, நிறம் கிடையாது. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தத் தெம்பும் கிடையாது. வயிற்றோடு ஒட்டிய மஞ்சள்கரு இரண்டு மூன்று நாளைக்குத் தாங்கும். அது தீர்வதற்குள் வாய் திறந்து, வாய்க்கு அடங்கிய இரை அங்கேயே, அப்போதே இருக்கவேண்டும்.

இருந்தால் அடுத்த வருஷம் ராஜபாளையத்தில் சாளை மலிவு. இல்லாவிட்டால் விலை ஏறும். ஏழெட்டு மாதம் கழித்து வருகிற பெட்டியின் எண்ணிக்கையைப் பெரும்பாலும் அந்தச் சில நாட்களே தீர்மானித்துவிடுகின்றன.

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர் நார்வேக்காரர் யோஹன் யோர்ட். ஹெர்ரிங் மீன் சில வருஷம் குவிவதும் சில வருஷம் காணாமல் போவதும் ஏன் என்று அவர் மீனின் செதில் வளையங்களை எண்ணி வயது பார்த்தார். 1904இல் பிறந்த மீன்களே பல வருஷங்களுக்கு நார்வே வலைகளை நிரப்பிக்கொண்டிருந்தன; மற்ற வருஷங்களில் பிறந்தவை சொற்பம். பெரிய மீன் எங்கோ போய்விட்டு வருவதில்லை. ஒரு வருஷத்துக் குஞ்சு பிழைத்தது, மற்ற வருஷத்துக் குஞ்சு பிழைக்கவில்லை, அவ்வளவுதான் என்றார். முதல் இரை கிடைக்காமல் சாவது ஒரு காரணம், குஞ்சு வளர முடியாத இடத்துக்கு நீரோட்டம் அடித்துக்கொண்டு போவது இன்னொன்று. இதை 1914இல் எழுதினார்.

நம் பக்கத்தில் அப்போது சாளையை வேறு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலபார் கரையில் அது சாப்பாட்டு மீன் என்பதைவிட எண்ணெய் மீன். கொப்பரையில் வேகவைத்துப் பிழிந்தால் எண்ணெய். சக்கை ‘குவானோ’ என்ற பெயரில் காப்பித் தோட்டங்களுக்கு உரம். சென்னை மாகாண மீன்துறைக்கு அடித்தளம் போட்ட சர் பிரெடரிக் நிக்கல்சன் இந்தத் தொழிலை வளர்ப்பதில் மிகவும் மெனக்கெட்டார். கூட்டுறவுச் சங்கங்களுக்காக அறிக்கை எழுதிய அதே நிக்கல்சன்தான். அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஹார்னெல், தூத்துக்குடியில் முத்தும் சங்கும் ஆராய்ந்தவர், மலபார் கரையோரமாகக் கப்பலில் போய்ப் பார்த்து 1910இல் அறிக்கை கொடுத்தார். 1924இல் நாயுடு என்ற உதவியாளரோடு சேர்ந்து சாளையின் வாழ்க்கை வரலாற்றையும் அந்தக் கரையின் மிதவை உயிரிகளையும் ஒரே நூலில் எழுதினார். மீனையும் அதன் இரையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்.

1940களில் சாளை ஏமாற்றியது. எண்ணெய்க் கொப்பரைகள் காய்ந்தன. காரணம் கண்டுபிடிக்கச் சொன்னபோது தேவநேசன் என்ற மாகாண மீன்துறை விஞ்ஞானி, சினை மீனையும் குஞ்சையும் வாரிக்கொண்டு போவதுதான் காரணம் என்று 1943இல் எழுதினார். அதே வருஷம் சென்னை அரசு சின்னச் சாளை பிடிக்கவும் சிறுகண் வலை போடவும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. மீன் திரும்பி வருவதாகக் காணோம். சட்டத்தைக் காவல் காப்பதும் முடியவில்லை. கொஞ்ச வருஷத்தில் கைவிட்டார்கள். உலகப்போர் நடக்கும்போது, அரிசிக்கே அல்லாடுகிற நாளில், வலையின் கண்ணை அளக்க எந்த அதிகாரி கடற்கரைக்குப் போவான்?

வலையா, கடலா என்ற வழக்கு அன்று தொடங்கியது. எண்பது வருஷமாகத் தீர்ப்பு வரவில்லை.

சுதந்திரம் வந்த 1947இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டு, 1949இல் மண்டபம் முகாமுக்குப் போனது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற கூலியாட்களைத் தடுத்துவைத்துச் சோதித்த முகாம் அது. ஒரு சங்கதியை இங்கே சொல்லிக்கொள்ள ஆசை: 1910 முதல் 1985 வரை ஸ்ரீவில்லிபுத்தூரும் மண்டபமும் ஒரே ஜில்லா, இராமநாதபுரம். ஆண்டாள் கோயில் கோபுரமும் மீன் லார்வா ஆராய்ச்சியும் ஒரே கலெக்டருக்குக் கீழே இருந்தன! அந்த ஜில்லாவின் கடலில், மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும், மிதக்கும் மீன் முட்டைகளையும் லார்வாக்களையும் பாபட் என்பவர் வகை பிரித்து 1955இல் வெளியிட்டார். அதே வருஷம் வேலப்பன் நாயரும் சுப்ரமணியனும் மேற்குக் கடலில் ‘பிராஜிலேரியா ஓசியானிகா’ என்ற டயட்டம் பெருகினால் சாளையும் பெருகுகிறது என்று காட்டினார்கள். மலைக்கு அப்பால் அடிக்கிற காற்றுக்கும் எங்கள் தராசுக்கும் நடுவில் இருந்த கண்ணி அது.

அதன்பின் அந்தோணி ராஜா என்பவர் சாளையே கதி என்று கிடந்தார். முட்டையிடும் நாட்களில் மழை பொய்த்தால் சினை வயிற்றுக்குள்ளேயே கரைந்துபோவதைக் கவனித்து, மழைக்கும் குஞ்சு வரவுக்கும் தொடர்பு சொன்னார். 1990இல் லாங்ஹர்ஸ்ட், வூஸ்டர் என்ற இரண்டு வெளிநாட்டு ஆய்வாளர்கள் கொச்சித் துறைமுகத்தின் கடல்மட்ட அளவுகளை எடுத்துச் சாளைப் பிடிப்போடு ஒப்பிட்டார்கள். கீழ்நீர் மேலேறினால் கரையில் கடல்மட்டம் இறங்கும். ஆகவே மட்டத்தைப் பார்த்தே நீர் எப்போது ஏறியது என்று சொல்லலாம். அவர்கள் கண்டது என் அப்பாவின் கணக்கைக் கொஞ்சம் திருத்துகிறது. கீழ்நீர் ஏறுவது நல்லதுதான், ஆனால் காலத்துக்கு முன்னால் ஏறிவிட்டால் கெடுதல். ஏறி வருகிற நீரில் பிராணவாயு குறைவு. முட்டையிட வருகிற தாய்மீனை அது கரைக்குப் பக்கத்தில் விடாது. காற்று நல்லாவும் அடிக்கவேண்டும், நேரத்துக்கும் அடிக்கவேண்டும்.

வலையின் மேல் பழி போடுகிறவர்கள் கலிபோர்னியாவைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். அங்கேயும் சார்டின் என்னும் சாளைக் கூட்டத்தார் 1940களின் கடைசியில் காணாமல் போய் டப்பா தொழிற்சாலைகள் மூடின. பிறகு சாண்டா பார்பரா பக்கத்துக் கடலடிச் சேற்றை ஆழமாகத் துளைத்து, படிவு படிவாகக் கிடந்த செதில்களை எண்ணினார்கள். ஆயிரம் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால், பெரிய வலையும் எஞ்சினும் இல்லாத காலத்திலும், அந்த மீன் பெருகுவதும் அருகுவதுமாகத்தான் இருந்திருக்கிறது. கடலே கொடுத்து வாங்குகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அதற்காக வலை நிரபராதி ஆகிவிடாது. ஏற்கெனவே குஞ்சு குறைந்த வருஷத்தில் மிச்சத்தையும் அள்ளுகிறவன் வலைக்காரன்தான்.

எங்கள் சந்தையில் நான் கண்ணால் பார்த்த மாற்றம் 1980களின் கடைசியில் தொடங்கியது. அதுவரை சாளை மேற்குக் கடலின் மீன். கிழக்குக் கரையில் சூடை உண்டு, பேருக்குக் கொஞ்சம் சாளை உண்டு. தொழில் என்று சொல்லும் அளவில் கிடையாது. அதன்பின் பாக் நீரிணையிலும் சோழமண்டலக் கரையிலும் சாளை குவிய ஆரம்பித்தது. இன்று தமிழ்நாட்டில் அதிகம் பிடிபடும் மீன்களில் அது முன்வரிசையில் நிற்கிறது. கடல் சூடேறியதால் இந்த மீனின் எல்லை விரிந்துவிட்டது என்று விவேகானந்தன் முதலிய விஞ்ஞானிகள் விளக்கினார்கள். குஞ்சு பிழைக்காத இடம் என்று இருந்தது பிழைக்கும் இடமாயிற்று. தூத்துக்குடிப் பெட்டியிலும் சாளை வந்ததும் முடிச்சைப் பார்த்துக் கரை சொல்கிற வித்தைக்கு வேலை இல்லாமல் போயிற்று. அப்பா அதற்குள் கடையை மூடியிருந்தார்.

1994இல் கேரளத்தில் சாளை அடியோடு படுத்தது. பிறகு எழுந்து ஏறிக்கொண்டே போய், 2012இல் கேரளத்தில் மட்டும் 3.9 லட்சம் டன். அந்த வருஷங்களில் எங்கள் ஊரில் சாளையைக் கூறு கட்டக்கூட ஆள் இல்லை, தட்டோடு கொட்டினார்கள். ரிங் சீன் என்னும் பெரிய சுருக்கு வலை 1980களின் நடுவில் அந்தக் கரைக்கு வந்து, பின்னால் கிலோமீட்டர் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. வந்த மீனில் குஞ்சும் கலந்து வந்தது. மிஞ்சியது மீன்மாவு ஆலைக்குப் போனது.  பிறகு 2015இல் எல் நினோ. கடல் சூடானது, இரை குறைந்தது, தாய்மீனும் ஏற்கெனவே தீர்ந்திருந்தது. கிருபாவும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இரண்டு பக்கமும் குற்றம் என்றது. 2021இல் கேரளத்தில் கிடைத்த சாளை 3,297 டன். ஒன்பது வருஷத்தில் நூற்றில் ஒரு பங்கு. என்னைக் கேட்டால் எண்பது வருஷ வழக்குக்குத் தீர்ப்பு அந்த 2018ஆம் வருஷத்து ஆய்வில் இருக்கிறது. கடல் எத்தனை குஞ்சைப் பிழைக்கவிடும் என்பது நம் கையில் இல்லை. பிழைத்ததில் எத்தனை முட்டையிடும் வயதை எட்டும் என்பது பெருமளவு நம் கையில்.

இதில் சமீபத்திய திருப்பம்தான் எனக்கு மிகவும் சுவாரசியம். 2024இன் நடுவில் கேரளத்தில் சாளை கிலோ 350, 400 ரூபாய் விற்றது. சில மாதங்களில் 20, 30 ரூபாய்க்கு விழுந்தது. கரை கொள்ளாமல் மீன், எல்லாம் பொடி. மத்திய ஆராய்ச்சி நிலையம் சொன்ன காரணத்தை யோர்ட் கேட்டிருந்தால் எழுந்து நின்றிருப்பார். பருவமழை நன்றாக அமைந்து, கீழ்நீர் ஏறி, மிதவை உயிரிகள் பெருகியதால் லார்வாக்கள் வழக்கத்தைவிட ஏராளமாகப் பிழைத்துவிட்டன. பிழைத்த அத்தனைக்கும் வளர இரை போதவில்லை. எண்ணிக்கை கூடி, உடம்பு குறுகிப்போயிற்று. அந்தச் சமயம் எங்கள் மீன் மார்க்கெட்டில் நான் வழக்கமாக வாங்கும் அம்மாவிடம், “ஏம்மா, பெரிய சாளை எங்கே?” என்று கேட்டேன். “பெருசு வரல சார், பொடிதான். நெய்யே இல்ல. வறுத்தா சட்டியில ஒட்டுது” என்றார். ஆராய்ச்சி நிலையம் சொன்னதைத்தான் அந்த அம்மாவும் சொன்னார்.

இனி வரும் வருஷங்களில் இந்த ஏற்ற இறக்கம் அடங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மேற்கு இந்தியப் பெருங்கடல் 1901க்கும் 2012க்கும் இடையில் கோடைகாலத்தில் 1.2 டிகிரி வரை சூடேறியிருக்கிறது என்று புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்சி மேத்யூ கோல் கணக்கிட்டார். சூடான மேல்நீர் இலேசானது. கீழே கிடக்கும் கனத்த குளிர்நீரோடு எளிதில் கலக்காது. அங்கே பாசியின் அளவு அறுபது வருஷத்தில் 20 சதவீதம் வரை குறைந்ததாக அவருடைய இன்னொரு ஆய்வு சொல்கிறது. அது திறந்த பெருங்கடலின் கணக்கு. காற்றால் நீர் மேலேறுகிற கேரளக் கரைக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் மஞ்சள்கரு தீர்ந்த லார்வாவுக்கு வேண்டிய இரை குறித்த நாளில் வந்து நிற்பது முன்னைப்போல நிச்சயம் இல்லை என்பதற்கு இது போதும்.

காற்றை நாம் ஒன்றும் செய்ய முடியாது. தராசுக்கு முன்னால் நிற்கும்போது செய்ய முடியும். 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக்கூடாது என்பது கேரளத்துச் சட்டம்; குறைந்தபட்ச அளவுச் சட்டம் போட்ட முதல் மாநிலம் அதுதான், 2015இல். சட்டம் ஆரியங்காவு சோதனைச் சாவடியைத் தாண்டி வருமோ வராதோ, பெட்டி தாண்டி வந்துவிடுகிறது. வீட்டில் பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸில் 15 சென்டிமீட்டர் ஸ்கேல் இருக்கும். அந்த முழு நீளம் வந்தால்தான் சாளை முதல் சினை பிடிக்கும். பொடிச்சாளை இறங்குகிற நாட்களில் எங்கள் பக்கத்துக்குப் புரட்டாசி வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்னும் குன்றில் இருக்கும் பெருமாளுக்குச் சனிக்கிழமை மலை ஏறுகிறவர்கள் எப்படியும் மீன் தொடமாட்டார்கள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: புரட்டாசி முடியும்வரை பொடிச்சாளை வேண்டாம் என்று மீன்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாங்குங்கள். நெய் அப்போதுதான் ஏறும்.